கால் எட்டும் தூரம்

ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்ததும் எங்கள் ஊர்ப் பக்கம் புஞ்சைக்கு வண்டியில் போகிறவர்கள் சிலர், முன்சக்கரத்து மட்கார்டைக் கழற்றித் திண்ணையில் போட்டுவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கரிசலில் ஈரம் ஏறினால் வழுக்குவதோடு விடாது, ஒட்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு அடுக்கு, மறுசுற்றுக்கு மறு அடுக்கு. நூறு அடி போவதற்குள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருக்கிற இரண்டு விரல் இடைவெளி சிமெண்ட் வைத்துப் பூசிய மாதிரி அடைபட்டுப் போகும். அப்புறம் முன்சக்கரம் சுற்றாது. எஞ்சின் கத்தும், பின்சக்கரம் குழி தோண்டும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டிவிஎஸ் எக்ஸெல்லாக இருந்தாலும் சரி, இருபது லட்ச ரூபாய் பிஎம்டபிள்யூவாக இருந்தாலும் சரி.

சாலையிலும் போகும், சாலை இல்லாத இடத்திலும் போகும் என்று சொல்லி விற்கிற பெரிய அட்வெஞ்சர் பைக்குகளின் ஒப்பீடுகளை ஆறேழு வருடமாக விடாமல் படிக்கிறேன், பார்க்கிறேன். மொராக்கோ மணல், ஸ்பெயினின் மலைப்பாதை, லடாக்கின் சரளை என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். முன்மட்கார்டைக் கழற்ற எத்தனை நிமிஷம் ஆகும் என்று அவர்களில் ஒருத்தர் சொல்லியும் நான் கேட்டதில்லை.

என் ஊர் நாகலாபுரம். ஆந்திராவிலும் ஒரு நாகலாபுரம் உண்டு, அருவி பார்க்க மலையேறுகிறவர்கள் போவது. சென்னையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன நண்பர் ஒருவர் போனில் அந்த ஊரைத்தான் போட்டு வைத்திருந்தார். எங்களுடையது தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளத்திலிருந்து புதூர் போகிற வழியில். மானாவாரி பூமி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மல்லி, மிளகாய் எல்லாம் மழையை நம்பித்தான். விதைக்காத இடமெல்லாம் வேலிக்கருவை. அருவி கிடையாது.

1980இல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த ஒரு வண்டியைத்தான் இந்த வகைக்கு மூத்தது என்பார்கள். பெயர் ஆர் 80 ஜி/எஸ். ஜெர்மன் மொழியில் அந்த ‘ஜி’ காடுமேட்டைக் குறிக்கிறது, ‘எஸ்’ சாலையைக் குறிக்கிறது. நடுவில் ஒரு சாய்கோடு. மறுவருஷமே பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் ஜெயித்து அந்தச் சாய்கோட்டுக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. இப்போதைய பெரிய வண்டிகளான ஆர் 1250, ஆர் 1300 பெயர்களில் கோடு இல்லை, வெறும் ஜிஎஸ். ஆனால் எங்கள் ஊரில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். ஊரைத் தாண்டிப் போகும் தார் ரோடு ஒரு ஓடைப் பாலத்தோடு முடிகிறது. பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் புஞ்சை வரைக்கும் மூன்று கிலோமீட்டர் வண்டிப்பாதை. என் அப்பா நாற்பது வருஷமாக அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருக்கிறார். அதற்கு ஆஃப்ரோடு என்று ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது.

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரிய வண்டிகளைப் பற்றிய எந்தக் கட்டுரையும் எனக்காக எழுதப்பட்டதில்லை என்று புரிய வைத்தது இந்த அளவுதான். ஆர் 1250 ஜிஎஸ்ஸின் சீட் தரையிலிருந்து 850 மில்லிமீட்டர், ஏற்றினால் 870. ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின், சிஆர்எஃப் 1100 எல்லில் அதே கணக்கு. டிரையம்ப் டைகர் 900 ரேலி புரோவும் 850க்குக் கீழே இறங்காது. இவற்றில் எதில் உட்கார்ந்தாலும் எனக்கு இரண்டு காலும் சேர்ந்து எட்டாது. ஒரு பக்கம் பிட்டத்தை நகர்த்தி ஒரு காலின் முன்பாதத்தை ஊன்றினால் உண்டு. பாட்டி வீட்டு அடுக்குப்பானையில் கை விடுகிற மாதிரி.

குள்ளமானவர்கள் ஓட்டியதே இல்லையா என்றால், ஓட்டியிருக்கிறார்கள். 1984, 1985 இரண்டு வருஷமும் டக்காரில் பிஎம்டபிள்யூவுக்கு வெற்றி வாங்கிக் கொடுத்த பெல்ஜியத்துக்காரர் காஸ்டோன் ராயே ஐந்தரை அடிகூட இல்லாத ஆள். அந்த ராட்சச வண்டியை ஓடவிட்டு, கூடவே ஓடித் தாவி ஏறுவார் என்பார்கள். அவர் அதற்கு முன்பே மூன்று முறை மோட்டோகிராஸ் உலகச் சாம்பியன். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் காலை ஒன்பது மணிக்குக் கைரேகை வைக்கிறவள். சொந்தமாக இருந்தது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. வார இறுதிகளில் சேர்ந்து போகிற கூட்டத்தில் மற்றவர்களிடம் இருந்தவை பெரிய வண்டிகள். அவர்கள் நல்ல மனசுக்காரர்கள், கேட்டால் சாவியைக் கொடுப்பார்கள். அப்படித்தான் இவையெல்லாம் எனக்குப் பழக்கம்.

மூன்று வருஷம் முன்னால் பங்குனியில், அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். மத்தியானம் அம்மா எல்லோரையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, “அப்பாவக் கூட்டிட்டு வா, சோறு ஆறிப்போகும்” என்றாள். வாசலில் முதலில் நின்றது நண்பருடைய ஆர் 1250 ஜிஎஸ். “எடுத்துட்டுப் போ” என்றார் அவர், வாயில் சோற்றோடு.

பங்குனிக் கரிசல் ஐப்பசிக் கரிசலுக்கு நேர் எதிர். மாண்ட்மோரில்லோனைட் என்ற வகைக் களிமண் இதில் நிறைய. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுருங்குகிறபோது நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். கை நுழைகிற வெடிப்பு சாதாரணம், ஆட்டுக்குட்டியின் கால் சிக்கி ஒடிகிற அளவுக்கும் உண்டு. மழைக்காலத்தில் டிராக்டர் போன தடம் அப்படியே காய்ந்து, கான்கிரீட் வாய்க்கால் மாதிரி கெட்டிப்பட்டுக் கிடக்கும். அதன்மேல் முகப்பவுடர் போல ஒரு புழுதி.

ஓடும்வரைக்கும் அந்த வண்டி ராஜா. முன்சக்கரத்தில் அவர்கள் வைத்திருக்கிற டெலிலீவர் அமைப்பு, பிரேக் பிடித்தால் மூக்கைக் கவிழ்க்காது. 136 குதிரைசக்தியை ஒரு பூனையின் பொறுமையோடு பின்சக்கரத்துக்கு அனுப்பியது. கட்டிகள் மேல் படகு மாதிரி போனது. எதிரே ஒரு ஆட்டு மந்தை வந்தது. நிறுத்தினேன், இடது காலை இறக்கினேன். புழுதிக்கு அடியில் தரை இல்லை, வெடிப்பு இருந்தது. ஒரு சாண் ஆழம் அதிகமாகப் போனது கால். 249 கிலோ இடதுபக்கமாகச் சாய ஆரம்பித்தபின் அதை நிறுத்துகிற பலம் என்னிடம் மட்டுமில்லை, ஐந்தே முக்கால் அடி ஆளிடமும் இருக்காது.

பாக்ஸர் எஞ்சினில் இரண்டு சிலிண்டரும் இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்தால் வண்டி முழுதாகப் படுக்காது, சிலிண்டர் காப்புக் கம்பி மேல் முட்டுக்கொடுத்துச் சாய்ந்து நிற்கும். அந்த இடைவெளியில் என் கால் இருந்தது. எலும்பு தப்பியது அதனால்தான். ஆனால் பூட்ஸ் வெடிப்புக்குள் சிக்கியிருந்ததால் உருவவும் முடியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, வெயிலில், அனல் அடிக்கிற உலோகத்துக்குப் பக்கத்தில் கிடந்தேன். ஆட்டுக்காரப் பையன் ஆள் கூப்பிட ஓடினான். ஆடுகள் நின்று பார்த்தன. இருபது நிமிஷம் இருக்கும். போன் டேங்க் மேல் மாட்டியிருந்தது, அதில் வழிகாட்டும் குரல் திரும்பத் திரும்ப யூ-டர்ன் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

கரிமூட்டம் பிரிக்கிற வேலைக்குப் போய்விட்டு வந்த இரண்டு அம்மாக்களைக் கூட்டிவந்தான் பையன். எங்கள் வட்டாரத்தில் வேலிக்கருவையை வெட்டி, அடுக்கி, மண் பூசி எரித்துக் கரியாக்குவது பலருக்குப் பிழைப்பு. இருவருக்கும் நெற்றி வரை கரி.

“ஏத்தா, காலு எங்கன கெடக்கு?”

“உள்ள மாட்டிருக்கு.”

“இந்தா, நாங்க நெம்புதோம். நீ உருவு.”

ஒருவர் ஹேண்டிலில், ஒருவர் பின்கம்பியில். கரி மூட்டை தூக்கிப் பழகியவர்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தொடையால் தூக்கினார்கள். விழுந்த வண்டியை இப்படித்தான் தூக்க வேண்டும் என்று பயிற்சி முகாம்களில் பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுக்கிறார்கள். கால் வெளியே வந்ததும் நானும் சேர்ந்துகொண்டேன். நிறுத்திவிட்டோம். மூத்தவர் மூச்சு வாங்கியபடி வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்: “இத எதுக்குத்தா இம்புட்டுக் கனமாச் செஞ்சிருக்கான்?”

நான் பார்த்த எல்லா ஒப்பீடுகளையும்விட நல்ல கேள்வி அது. அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்ல முயல்கிறேன்.

கனம் சாலைக்காக. சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பெரிய வண்டியில் விடிகாலை கிளம்பினால் மதுரையில் மத்தியானச் சாப்பாடு, அருப்புக்கோட்டை தாண்டி நாலுவழிச் சாலையை விட்டிறங்கிப் புதூர் வழியாக மாலை காபிக்கு வீடு. இறங்கும்போது உடம்பில் ஒரு வலி இருக்காது. பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பெட்டி, நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகம், எதிர்க்காற்று எல்லாவற்றையும் தாங்க நீளமான சட்டகம் வேண்டும், பெரிய டேங்க் வேண்டும், காற்றைப் பிளக்கக் கண்ணாடி வேண்டும். சங்கிலிக்குப் பதிலாக மூடிய தண்டு வழியாகப் பின்சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். புழுதியும் சகதியும் தொடாது, எண்ணெய் போட வேண்டாம், ஆனால் அதுவும் எடைதான். ஆடி மாதம் கயத்தாறு காற்றாலைகளுக்கு நடுவே திருநெல்வேலி ரோட்டில் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் எடையின் அருமை தெரியும். பக்கவாட்டுக் காற்று என் எக்ஸ்பல்ஸை அடுத்த தடத்துக்கே தள்ளும். ஜிஎஸ் தலையைக்கூடத் திருப்பாது. இதை நான் மறுக்கவே மாட்டேன். அந்த வண்டியில் நாலுவழிச் சாலையில் போகிற சுகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் இத்தனை வருஷமும் காசு சேர்த்தேன்.

எக்ஸ்பல்ஸ் இதற்கு நேர் எதிர். 160 கிலோவுக்குள் அடங்கும். 21 அங்குல முன்சக்கரம் வெடிப்பைத் தாண்டி உருளும். அதன் முன்மட்கார்டு டயரை ஒட்டி இல்லாமல் உயரத்தில் அலகு மாதிரி இருக்கிறது, சகதி அடைய இடமில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே அதைச் செய்தவர்களுக்கு எங்கள் ஊர் மாலை போட வேண்டும். ஆனால் நாலுவழிச் சாலையில் நூறைத் தொடுவதற்குள் அதற்கு மூச்சு முட்டும். விழுப்புரம் தாண்டினாலே கை மரத்துப்போகும். சென்னையிலிருந்து ஒரே நாளில் வந்து இறங்கினால் மறுநாள் முழுக்க நான் படுக்கையில்.

இந்தப் பெரிய வண்டிகளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த டக்கார் பந்தயமே 2011 முதல் 450 சிசிக்கு மேல் மோட்டார் சைக்கிளை அனுமதிப்பதில்லை. 2024 டக்காரில் ரேலி 2 பிரிவை ஜெயித்த ஹரித் நோவா, ஷொரணூர்க்காரர், ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் 450. பாலைவனத்தைக் கடக்க 450 போதும். 1300 எதற்கென்றால், பாலைவனம் வரைக்கும் போய்ச் சேர.

அந்த விழுந்த மத்தியானத்துக்குப் பிறகு நான் ஒப்பீடு செய்கிற முறை மாறிவிட்டது. விமர்சகர்கள் வண்டி ஓடும்போது ஒப்பிடுகிறார்கள். நான் அது நிற்கும்போது ஒப்பிடுகிறேன். எங்கள் பாதையில் வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கிற, திருப்புகிற, தள்ளுகிற, தூக்குகிற நேரம் அதிகம். அந்தக் கணக்கில் பார்த்தால் சில வண்டிகள் திடீரென்று மேலே வரும். ஆப்பிரிக்கா ட்வின் 2017இல் இந்தியாவுக்கு வந்தபோது டிசிடி என்ற தானியங்கிக் கியர் அமைப்போடு மட்டும்தான் வந்தது. க்ளட்ச் கிடையாது. சோம்பேறிகளின் வசதி என்று எங்கள் கூட்டத்திலேயே கேலி செய்தார்கள். கால் எட்டாதவளுக்கு அது சோம்பேறித்தனம் இல்லை. மெதுவாகப் போகையில் எஞ்சின் அணைந்தால் அவர்களுக்கு அவமானம், எனக்கு வண்டி தரையில். அணையவே அணையாத வண்டி என்றால் பாதி பயம் போச்சு. 2024இல் வந்த ஆர் 1300 ஜிஎஸ்ஸில் இன்னொரு வித்தை, கூடுதல் காசுக்கு: நின்றால் உடம்பைத் தானே 30 மில்லிமீட்டர் தாழ்த்திக்கொள்ளும், ஒட்டகம் மாதிரி. எடையையும் 237 கிலோவுக்குக் குறைத்துவிட்டார்கள். விலை, அறிமுகத்தின்போது, 20 லட்சத்து 95 ஆயிரம். ஆன்ரோடு விலையைக் கேட்டுவிட்டு அம்மா, நெருக்கமான ஒருவர் இறந்த செய்திக்குத் தலையாட்டுவது போல ஆட்டினாள்.

அடுத்தது முள். எங்கள் ஊரில் வண்டி வாங்கப்போனால் முதல் கேள்வி மைலேஜ், இரண்டாவது ட்யூபா ட்யூப்லெஸ்ஸா. வேலிக்கருவை முள் சுள்ளியோடு பாதையில் கிடக்கும், டயரில் நெட்டுக்குத்தாக ஏறும். ட்யூப்லெஸ் என்றால் முள்ளைப் பிடுங்கிவிட்டுத் திரியைச் சொருகிக் காற்றடித்தால் பத்து நிமிஷம். ட்யூப் என்றால் சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, வெயிலில் ஒரு மணி நேரம்; அதுவும் உள்ளே ஒடிந்த முனை இருந்தால் புது ட்யூபும் போகும். அலாய் சக்கரத்தில் ட்யூப்லெஸ் சுலபம், ஆனால் கெட்டித் தடத்தில் இடித்தால் அலாய் விரியும். கம்பிச் சக்கரம் இடியைத் தாங்கும், ஆனால் பெரும்பாலும் உள்ளே ட்யூப். இரண்டையும் சேர்த்துக் கம்பிச் சக்கரத்திலேயே ட்யூப்லெஸ் என்பதை ஜிஎஸ், டைகர் ரேலி புரோ போன்றவை ரொம்ப நாளாக வைத்திருக்கின்றன. விலையில் ஒரு பங்கு அதற்காக என்றால் நான் முணுமுணுக்காமல் கொடுப்பேன்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் ஒருநாள் சாவடியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோமாரித் தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, ராஜ்தூத்தின் பின்னால் கட்டிக்கொண்டு, சுற்றுப்பட்டி ஊர்களுக்கெல்லாம் போனவர். ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதுதான் அவருடைய ரேலி. பிறகு எம்80க்கு மாறினார். ராஜ்தூத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

“அது நல்ல வண்டிதான் தாயி. ரோட்டுல போனா அதான் வண்டி. ஆனா மழைக்குள்ள மாட்டுச்சுன்னா ஒத்தையில தூக்க முடியாது. எம்80ன்னா எந்தப் பொழியில விழுந்தாலும் ஒரு ஆளு தூக்கி நிறுத்திப்புடலாம்.” கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். “மழைக்காலத்துல டேங்க் நெறயப் பெட்ரோல் போடமாட்டேன். பாதிதான். அதுவும் கனம்தான?”

அவருடைய காலத்தில் நிஜமாகவே பெருமழை என்றால் எதுவும் போகாது. டிராக்டரும் புதையும். வண்டியைப் பாலத்தோடு நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்து நடப்பாராம். போன கார்த்திகையில் எக்ஸ்பல்ஸை எடுத்துக்கொண்டு அதே பாதையில் போனேன். முன்சக்கரம் சொன்னபடி சுற்றியது. பின்சக்கரத்துக்கும் ஸ்விங்ஆர்முக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டரில் நின்றுவிட்டது. குச்சியால் நோண்டி நோண்டிப் பத்தடி, பத்தடியாக நகர்த்திக்கொண்டிருந்தபோது பெரியப்பா செருப்பைக் கையில் பிடித்தபடி என்னைத் தாண்டிப் போனார். அவருக்கு எழுபத்தொன்று. திரும்பிப் பார்த்து, “வாறியா, இல்ல அங்கயே இருக்கியா?” என்றார்.

நான் ஆறு மாதம் முன்னால் வாங்கியது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. 452 சிசி, 40 குதிரைசக்தி, 196 கிலோ. பெரிய வண்டிக்காரர்கள் இதைப் பெரிய வண்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், எக்ஸ்பல்ஸ்காரர்கள் இதை எருமை என்பார்கள். 2023 இறுதியில் வந்தபோது ட்யூப் சக்கரம்தான், பிறகு ட்யூப்லெஸ் கம்பிச் சக்கரமும் கொடுத்தார்கள், அதற்காகத்தான் காத்திருந்தேன். சீட் 825 மில்லிமீட்டர். இரண்டு முன்பாதமும் எட்டுகிறது. காலியாக இருக்கும்போது, முதுகைக் கொடுத்து, அந்த அம்மாக்கள் செய்த மாதிரி தொடையால் எழுந்தால், ஒத்தையில் தூக்கிவிடுகிறேன். எங்கள் வாசலில் வேண்டுமென்றே படுக்க வைத்து மூன்று முறை தூக்கிப் பார்த்தேன். தெருவே நின்று பார்த்தது. முன்மட்கார்டு டயரை ஒட்டித்தான் இருக்கிறது, அதில் எனக்கு வருத்தம்தான். நாலுவழிச் சாலையில் ஜிஎஸ்ஸின் சுகத்தில் பாதி. நண்பர் இன்னும் சாவி தருகிறார், ஆடியில் கயத்தாறு பக்கம் போனால் வாங்கிக்கொள்கிறேன்.

போன மாதம் அம்மாவை விளாத்திகுளத்துக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பின்சீட் அவளுக்கு எட்டவில்லை. சாவடிக்கு முன்னால் கிடக்கிற பழைய கல்லின் பக்கம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அதில் ஏறி நின்று, சேலையைச் சுருட்டிப் பிடித்து, பக்கவாட்டில் உட்கார்ந்தாள். வழியில் ஒரு டீ குடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். இறங்கினால் திரும்ப ஏற அங்கே கல் கிடக்குமோ கிடக்காதோ என்றாள்.